முதல் பெட்டியில் எலுமிச்சம்பழம்

பழம் வைத்ததை நான் பார்க்கவில்லை மேடம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கிங் ஹாலில் பேசிக்கொண்டதுதான் எனக்குத் தெரியும். பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவர்கள் சொன்னது, டீ கொண்டுவருகிறவர் சொன்னது, அவருக்கு யாரோ சொன்னது. அதனால் அந்த இடம் வரும்போது 'சொன்னார்கள்' என்றுதான் சொல்வேன். நான் பார்த்ததை 'பார்த்தேன்' என்று சொல்வேன். இரண்டையும் கலக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வேலையைவிட்டு நீக்கிய கடிதத்தை யாராவது இன்டர்வியூவுக்குக் கொண்டுவருவார்களா என்று. என்னிடம் வேறு கடிதம் இல்லை மேடம். முந்தைய நிறுவனம் கடைசியாகக் கொடுத்த கடிதம் வேண்டும் என்று உங்கள் மெயிலில் இருந்தது. கடைசியாகக் கொடுத்தது இதுதான்.

ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றீர்கள். நன்றி மேடம். எழுதியது நான்தான்.

இல்லை, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையெழுத்து முதலாளி சென்னியப்பன் அண்ணனுடையது. எழுத்து என்னுடையது. 'கடமையில் அலட்சியம்' என்று இருக்கிறதே, அந்த வரியை அண்ணன் எடுத்துவிடச் சொன்னார். நான்தான் எடுக்கவில்லை. காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன். தண்ணீர் வேண்டாம் மேடம். பேசினால் சரியாகிவிடும்.

எங்கள் ஊர் கரூர். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் தங்கை ஹரிணி. படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை சென்னியப்பன் அண்ணன் கம்பெனியில். பெரிய கம்பெனி இல்லை. மேலே தையல், கீழே பேக்கிங். கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் விரிப்பு. இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் போட்டு விற்கிறோம். நடுவில் ஏஜென்ட் கிடையாது. அண்ணன் அதைத்தான் பெருமையாகச் சொல்வார். "நம்ம டவலுக்கும் அந்த ஊரு அம்மணிக்கும் நடுவுல ஒரு பய இல்ல பாத்துக்க."

ஒரு பயலும் இல்லைதான். ஆனால் பக்கத்தில் நிறையப் பேர் இருந்தார்கள் மேடம். நாங்கள் ஒரு விலை வைத்தால் துருக்கிக்காரர் கொஞ்சம் இறக்கி வைப்பார். அவரைவிட இறக்கி யார் வைத்திருக்கிறார் என்று பார்த்தால் எங்கள் தெரு முனைக்காரராக இருப்பார். எங்கள் படத்தையே எடுத்துப் போட்டிருப்பார், அந்தப் படத்தில் டவலைப் பிடித்திருக்கும் கை என்னுடையதாக இருக்கும். வாங்கியவர்கள் போடும் நட்சத்திரம்தான் எல்லாம். ஒரு நட்சத்திரம் குறைந்தால் பத்தாவது பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். காலையில் அண்ணன் உள்ளே வரும்போதே, "மோகனா, இன்னிக்கு நட்சத்திரம் எப்பிடி?" என்றுதான் வருவார். அவர் மனைவி சாரதாமணி அண்ணி ஒருநாள், "யாரோட நட்சத்திரத்தைங்க கேக்கறீங்க? பொண்ணுக்கு மாப்பள கீது பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சரி, பழத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு தடவை சரக்கு கப்பலுக்குக் கிளம்பும்போதும் முதல் பெட்டிக்குப் பூஜை நடக்கும். மஞ்சள் பொட்டு, குங்குமம், சூடம். எல்லா ஊரிலும் செய்வதுதான், உங்கள் கோயம்புத்தூரிலும் செய்வார்கள். வெளிநாட்டில் ஒரு வாடிக்கையாளர், பெட்டியைத் திறந்ததும் நல்ல வாசனை வந்தது என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். நான் தமிழில் படித்துச் சொன்னேன். அண்ணன் எழுந்தே விட்டார். "சூடம்! சூடத்தோட வாசங் கண்ணு!" என்றார். அதற்குப் பிறகு பூஜையை இன்னும் நன்றாகச் செய்ய ஆரம்பித்தார்கள். வியாபாரம் மந்தமான சமயத்தில் யாரோ திருஷ்டி என்று சொன்னார்களாம். அதனால் முதல் பெட்டிக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குங்குமம் தடவி வைத்து மூடினார்கள் என்று சொன்னார்கள். வைத்தது ருக்குமணி அக்கா என்று சொன்னார்கள். ருக்குமணி அக்காதான் பேக்கிங் ஹாலுக்குத் தலைமை. அவர் வைக்காமல் அங்கே ஒரு பஞ்சுகூடப் பெட்டிக்குள் போகாது. அதனால் நானும் நம்பினேன்.

பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆனால் பூஜை முடிந்த பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை மேடம். யார் திறப்பார்கள்?

ஆஸ்திரேலியாவில் திறந்தார்கள். துறைமுகத்தில் நிறுத்தி முதல் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். படம் வந்தது. அதை நான் பார்த்தேன். வெள்ளை டவல் அடுக்கின் மேல் பழம் சுருங்கிக் கறுத்துக் கிடக்கிறது. குங்குமம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள், போலீஸ்காரர்கள் பிடிபட்ட நகையை வைத்து எடுப்பார்களே, அந்த மாதிரி. அந்த நாட்டுக்குள் பழம், விதை, இலை எதுவும் சொல்லாமல் போகக்கூடாது. பழத்தில் பூச்சி இருந்தால் அங்கே தோட்டமெல்லாம் கெட்டுவிடும் என்று பயம். நியாயமான பயம்தான் மேடம், நான் படித்துப் பார்த்தேன்.

அன்றைக்கே அந்தத் தளம் எங்கள் கணக்கைப் பூட்டிவிட்டது. சரக்கு அங்கே நிற்கிறது. எங்கள் டவலைத் தேடினால் 'கிடைக்காது' என்று வருகிறது. மேலே தையல் மெஷின் ஒவ்வொன்றாக நின்றது. சத்தம் குறைந்துகொண்டே வந்தது எனக்குக் கீழே உட்கார்ந்தே தெரிந்தது.

என்ன நடந்தது, மூல காரணம் என்ன, இனி என்ன செய்வீர்கள் என்று தளத்துக்காரர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். நான் உண்மையை எழுதினேன். இது எங்கள் பக்கத்துப் பழக்கம், நல்லது நடக்கட்டும் என்று வைத்தது, மன்னிக்கவும், இனி வைக்க மாட்டோம் என்று எழுதினேன். மூல காரணம் தெளிவாக இல்லை என்று பதில் வந்தது. திருஷ்டி என்றால் என்ன என்று விளக்கி இன்னொன்று எழுதினேன். அதே பதில், அதே வார்த்தைகள். மூன்றாவதாக, மூல காரணம் பயம் என்று எழுதினேன். நல்ல வாக்கியம் என்று எனக்கே தோன்றியது. அதற்கும் அதே பதில்தான்.

அண்ணன் ஈரோட்டில் ஒரு கன்சல்டன்டைப் பிடித்தார். அவர் ஃபோனில் பேசியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "சாமி கதையெல்லாம் அவங்ககிட்டச் செல்லாதுங்க. அவங்களுக்கு ஒரு ஆளு வேணும். யாரு பொறுப்பு, அந்த ஆள என்ன பண்ணுனீங்க. நியமனக் கடிதம், ஐடி, நீக்குன கடிதம், மூணும் அனுப்புங்க. தொறந்துருவாங்க."

அண்ணன் எல்லோரையும் ஹாலில் கூட்டினார். தையல்காரர்களும் இறங்கி வந்தார்கள். விஷயத்தைச் சொன்னார். ருக்குமணி அக்கா கையில் டேப் உருளையோடு எழுந்து நின்றார்.

"ஏனுங்ணா, எம்பேரப் போட்டுக்குங்க. நாஞ் சர்டிபிகேட்ட வெச்சுக்கிட்டு எந்தக் கம்பெனி வாசல்ல போயி நிக்கப் போறேன்? ஆஸ்திரேலியாக்காரனே என்னைய வேலய விட்டுத் தூக்குனான்னு சொன்னா ஊருக்குள்ள எனக்குப் பெருமதான?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். என்னைப் பார்த்து, "அப்பறமென்ன கண்ணு, ருக்குவுக்குப் போன வருசத் தேதி போட்டு ஒரு வேலை லெட்டர் அடி. அப்பறம் தூக்குன லெட்டர அடி," என்றார்.

நான் முடியாது என்றேன்.

இந்த இடத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் மேடம். ருக்குமணி அக்காவுக்கு நியமனக் கடிதம் கிடையாது. ஹாலில் வேலை செய்கிற யாருக்கும் கிடையாது. சனிக்கிழமை கையில் கூலி, அவ்வளவுதான். இல்லாத கடிதத்தைப் பழைய தேதி போட்டு உண்டாக்கினால் அது பொய்ப் பத்திரம். "அது தப்புங்ணா. நான் அடிக்க மாட்டேன்," என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அண்ணன் கோபப்படவில்லை. ஒருநாளும் அவர் என்னிடம் கோபப்பட்டதில்லை. கொஞ்சம் யோசித்தார். "செரி, பொய் வேண்டாம். நெசமான லெட்டரு இங்க யார்கிட்ட இருக்குது?" என்று கேட்டார்.

என்னிடம்தான் இருந்தது மேடம். சேர்ந்த அன்றே கேட்டு வாங்கியிருந்தேன். அண்ணன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே, "இங்க யாருங் கேட்டதில்ல. நீயே அடிச்சுக்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்," என்றார். பதவி என்ன போடுவது என்று கேட்டேன். உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள் என்றார். தர அதிகாரி என்று போட்டேன். அப்பா அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறார்.

ஹால் முழுவதும் என்னைப் பார்த்தது.

"வெறும் பேப்பர்லதாங் கண்ணு," என்றார் அண்ணன். "நாளைக்குக் காலைல வழக்கம்போல வா. அதே சேரு, அதே மேச, அதே சம்பளம். பேப்பர்ல மட்டும் நீ இல்ல."

ருக்குமணி அக்கா மட்டும், "அந்தப் புள்ளைக்கு இனிமேத்தான பொழப்பு. வேண்டாமுங்ணா," என்றார். நான்தான் பரவாயில்லை அக்கா என்றேன். யோசித்துப் பார்த்தேன் மேடம். தர அதிகாரி நான். சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நான். அந்தக் கடிதத்தில் எந்த வரியும் பொய் இல்லை. கடைசி வரி மட்டும், நான் நீக்கப்பட்டேன் என்பது மட்டும், அது நீக்கினால் உண்மையாகிவிடும்.

அன்று மதியம் எழுதினேன். அண்ணனுக்குத் தமிழில் படித்துக்காட்டினேன். 'அலட்சியம்' வந்ததும் கண்ணைத் துடைத்தார். "அத எடுத்துரு கண்ணு, மனசு கேக்கல," என்றார். அது இல்லாவிட்டால் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் அண்ணா என்று எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். நல்ல மனிதர். அவரை நான் குறை சொல்லவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அனுப்பினோம். ஒத்துக்கொண்டார்கள். ஹாலுக்கு ஜிலேபி வாங்கி வந்தார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தையல்காரர் ஒருவர், "உன்னையத் தூக்குனது எங்களுக்கெல்லாம் சோறு போட்டுச்சு அம்மணி," என்றார். நானும் ஜிலேபி சாப்பிட்டேன்.

ஆனால் கணக்கைத் திறப்பதற்கு முன்னால் இன்னும் இரண்டு கேட்டார்கள். நீக்கியவருக்குப் பதிலாக யாரை நியமித்தீர்கள் என்று ஒன்று. அங்கே நிற்கும் மற்றப் பெட்டிகளில் தாவரப் பொருள் எதுவும் இல்லை என்று அந்தப் புதிய அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று இன்னொன்று. தந்தால் மற்றப் பெட்டிகளைத் திறக்காமலே தங்கள் கிடங்கில் எடுத்துக்கொள்வார்கள். விற்க விற்க ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். மறுபடியும் ஏதாவது கண்டுபிடித்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும், கையெழுத்துப் போட்டவர் பெயர் அவர்கள் பட்டியலில் ஏறிவிடும்.

என் பெயரை மறுபடி போட முடியாதே. அண்ணன்தான், "உந்தங்கச்சி பிகாம் முடிக்கறாளல்லோ?" என்று கேட்டார். பேப்பரில் அவள், வேலையில் நான். சம்பளம் அவள் கணக்கில் விழும், வீட்டுக்குத்தானே வருகிறது. ஹரிணிக்கு ஒரே குஷி. "அக்கா, படுத்துக்கிட்டே வேலை வாங்கிட்டேன் பாத்தியா? உன்ன மாதிரி நாயா அலையல," என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். சும்மா பெயரைக் கொடுப்பது தப்பாகிவிடும் என்று அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சுற்றிக்காட்டினேன். ஆகவே அது பொய் நியமனம் இல்லை மேடம். உறுதிமொழியை நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். போடும்போது, "உள்ள எதுவும் இல்லதான?" என்று கேட்டாள். ருக்குமணி அக்கா வைத்தது ஒன்றுதான், அது போய்விட்டது என்றேன்.

இப்போது நான் தினமும் போகிறேன். ஹரிணி என்று கையெழுத்திட்டு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுகிறேன். கம்பெனியில்கூடச் சிலர் என்னை ஹரிணி என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள், விளையாட்டுக்குத்தான். யாராவது வெளியாள் வந்தால் நான் மேலே தையல் பக்கம் போய் நின்றுகொள்ள வேண்டும். பி.எஃப். கணக்கில் நான் வேலையைவிட்டு வெளியேறியதாக இருக்கிறது. எந்தக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாலும் இந்தக் கடிதத்தில் வந்து நிற்கிறது.

அனுபவச் சான்றிதழ் ஒன்று கேட்டுப் பார்த்தேன். அண்ணன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எப்பிடிக் கண்ணு? அலட்சியம்னு சொல்லித் தூக்குனவளுக்கு நல்ல புள்ளன்னு சர்டிபிகேட் குடுத்தா, ரெண்டுல ஒண்ணு பொய்யாயிருமல்லோ? உனக்குத்தான் பொய்யே ஆகாதே," என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

உங்களிடமிருந்து மெயில் வந்ததைச் சொன்னபோது, "தாராளமாப் போ. நாங் குறுக்க நிக்க மாட்டேன்," என்றார். வாசல் வரை வந்துவிட்டு, "நீ போயிட்டா ஹரிணிதான் வந்து உக்காரோணும். பேரு அவளுதுதான?" என்றார். அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளக் கூடாது மேடம். இருக்கிற நிலைமையைத்தான் சொன்னார். வீட்டில் அப்பாவிடம் மட்டும் சொன்னேன், கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். ஹரிணிக்கு இன்னும் சொல்லவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. இந்த வேலை கிடைத்தால் என் பெயரிலேயே ஒரு கடிதம் இருக்கும். அதற்காகத்தான் வந்தேன். ஹரிணியை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் பாக்கி. ருக்குமணி அக்கா வைத்தார் என்று உங்களிடம் சொன்னேன். சொன்னார்கள் என்றுதான் சொன்னேன். ஆனாலும் இன்டர்வியூவில் ஒருவர் பெயரைக் கேள்விப்பட்டதை வைத்துச் சொல்வது மனதுக்கு ஒப்பவில்லை. நேரில் கேட்டுவிடலாம் என்று நேற்று ருக்குமணி அக்காவிடம் போனேன். "நானா? நா எங்க வெச்சேன்? அண்ணி வெச்சாங்க. மொதலாளியம்மா பேர எப்பிடிச் சொல்றதுன்னு எல்லாரும் எம்மேல போட்டாங்க, நானும் சும்மா இருந்துட்டேன்," என்றார்.

அண்ணியிடம் போனேன். ஹாலில் அடுத்த சரக்குக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். மறைக்கவே இல்லை.

"நாந்தாங் கண்ணு வெச்சேன். எங்கையாலதான் குங்குமந் தடவி வெச்சேன். மொதப் பொட்டில ஒண்ணு, கடேசிப் பொட்டில ஒண்ணு. ரெண்டு பக்கமுங் கட்டுனாத்தான திருஷ்டி நடுவுல நொழையாது?"

தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடியும் கேட்டேன் மேடம். விரலை மடக்கிக் காட்டினார். பழம் இரண்டு.